தொல்லை அல்ல, துன்புறுத்தல்

நெய்வேலி நகரியத்தில், மாலையானால் கொசுத் தொல்லை தாங்காத எங்கள் குடியிருப்பில் உட்கார்ந்துதான் அந்த அறிவிப்பைத் தமிழாக்கினேன். நான் முன்பு வேலைபார்த்த ஒரு கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்கானது அது. 'செக்சுவல் ஹராஸ்மென்ட்' என்பதைப் 'பாலியல் துன்புறுத்தல்' என்று எழுதிக் கொடுத்தேன். சுவரில் ஒட்டியபோது அது 'பாலியல் தொல்லை' ஆகியிருந்தது. கேட்டதற்கு, "துன்புறுத்தல்னா ரொம்பக் கடுமையா இருக்கு மேடம்" என்றார்கள்.

கடுமையாக இருப்பது சொல்லா, செயலா?

கொசு தருவது தொல்லை. தெருநாய் தருவது தொல்லை. ஒரு பேராசிரியர் தன் மாணவிக்குச் செய்வதும் அதே வரிசையில் சேருமா? 'சீண்டல்', 'சில்மிஷம்' என்பவை இன்னும் மோசம். குற்றத்தை விளையாட்டாக்கும் சொற்கள்.

ஆங்கிலத்தில் ஹராஸ், ஹராஸர், ஹராஸ்மென்ட் எல்லாம் ஒரே வேரில் கிளைக்கின்றன. 'தொல்லை' வெறும் பெயர்ச்சொல். வினையாவதற்குக் 'கொடு' என்றோ 'செய்' என்றோ இன்னொரு சொல்லின் துணை வேண்டும். செய்தித்தாளில் அந்தத் துணையும் காணாமல் போகிறது: 'மாணவி பாலியல் தொல்லைக்கு உள்ளானார்.' எழுவாயாக நிற்பவள் அவள். செய்தவன் எங்கே?

'துன்புறு' தன்வினை, 'துன்புறுத்து' பிறவினை. துன்பப்படுபவளைத் தவிர இன்னொருவர் அங்கே இருக்கிறார் என்பதைப் பிறவினை ஒளிக்காது. துன்புறுத்தினான், துன்புறுத்தியவன், துன்புறுத்தல் என்று சொற்குடும்பம் முழுவதும் கிடைக்கிறது. 'துன்புறுத்தப்பட்டாள்' என்றாலும் 'யாரால்?' என்ற கேள்வி உடனே எழும். வினை உணர்த்தும் ஆறில் நன்னூல் முதலில் வைப்பது செய்பவனை. நம் இலக்கணத்துக்குத் தெரிந்தது நம் அறிவிப்புப் பலகைக்குத் தெரியவில்லை.

சொல்லில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வரலாறு. 1998இல், சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிர் போன பிறகு, தமிழ்நாடு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. ஏவாள் என்று பெண்ணைக் குறித்தது முதல் பாதி. கேலி என்று குற்றத்தைக் குறைத்தது மறுபாதி. 2002இல்தான் 'ஹராஸ்மென்ட்' என்ற சொல் அச்சட்டத்தின் பெயரில் ஏறியது. 'செக்சுவல் ஹராஸ்மென்ட்' என்பதும் வானத்திலிருந்து விழவில்லை. 1975இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேலையை விட்டு வெளியேறிய கார்மிட்டா வுட்டுக்காகத் திரண்ட பெண்கள், தங்களுக்கு நடந்ததைச் சொல்லச் சொல் இல்லாமல் தேடிப் பிடித்து இயக்கமாக்கிய பெயர் அது. அவர்கள் போராடிப் பெற்றதை நாம் மொழிபெயர்ப்பில் தொலைக்கலாமா?

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணியிடத்தில் நடந்ததை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகாராகத் தர வேண்டும். புகார் எழுதிக்கொண்டு என்னிடம் வரும் மாணவிகள், 'எனக்குத் தொல்லை ஏற்பட்டது' என்றே தொடங்குகிறார்கள். அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொல்கிறேன். 'அவர் என்னைத் துன்புறுத்தினார்' என்று எழுதுகிறார்கள். பழக்கத்தில் வந்த மரியாதை விகுதி இருந்துவிட்டுப் போகட்டும். எழுவாயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.