கதையும் நிலமும்

சிறுவர் விரும்பிப் படிக்கும் கதைகளுள் மாயப் பயணக் கதைகள் தனிச் சிறப்புடையன. ஒரு சிறுமியோ சிறுவனோ வீட்டை விட்டுப் புறப்பட்டு, காடும் ஆறும் கடந்து, கண்டறியாத நாடுகளிற் புகுந்து, இடர் பல வென்று மீள்வதே அவற்றின் போக்காகும். இக்கதைகளில் இயல்தோறும் இடம் மாறிக்கொண்டே செல்லும். அம்மாற்றம் எதன் பொருட்டு? படிக்கும் பிள்ளைக்குச் சலிப்புத் தோன்றாதிருக்கப் புதுப்புதுக் காட்சிகளைக் காட்டுவதற்கே என்பாரும் உளர். நாடக மேடையில் ஓவியத் திரையை மாற்றுவது போன்றதே அது என்பது அவர்தம் கருத்து. அக்கருத்துப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

அகப்பொருள் இலக்கணம் கற்றவர் நிலத்தின் சிறப்பை நன்கறிவர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தார் தொல்காப்பியர். மாந்தர் ஒழுக்கத்திற்கு அவை இரண்டும் களமாய் நிற்கின்றன. குறிஞ்சி நிலத்திற்கு ஓர் ஒழுக்கமும் நெய்தல் நிலத்திற்கு வேறோர் ஒழுக்கமும் உரியவாதல் இதனாலன்றோ? இடத்திற்கும் உள்ளத்திற்கும் உள்ள இத்தொடர்பு எம்மொழிக் கதைக்கும் பொதுவானது. அமெரிக்க நாட்டுச் சிறுவர் நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு இவ்வுண்மையைக் காணலாம்.

எல். பிராங்க் பாம் என்பார் எழுதிய ஓஸ் நாட்டு மாய வித்தகர் கதை 1900ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நூலுக்குப் படம் வரைந்தவர் டென்ஸ்லோ. பாம் 1888ஆம் ஆண்டு முதல் 1891ஆம் ஆண்டு வரை டகோட்டாச் சமவெளியிலுள்ள அபர்டீன் என்னும் ஊரில் வாழ்ந்தவர். அங்கே முதலில் கடை ஒன்றை நடத்தினார். பின்னர்ச் செய்தித்தாள் ஒன்றை நடத்தினார். வறட்சி சமவெளியை வாட்டிற்று. உழவர் நலிந்தனர். கடையும் நிலைக்கவில்லை, செய்தித்தாளும் நிலைக்கவில்லை. பாம் தம் குடும்பத்தோடு சிகாகோ நகருக்குக் குடிபெயர்ந்தார். அவர் கண்ணாற் கண்ட வறண்ட நிலத்தின் சாயல், கதையின் தொடக்கத்தில் வரும் கான்சாஸ் நாட்டின்மேல் படிந்துள்ளது எனலாம்.

டாரதி என்னும் சிறுமி அங்கே தன் மாமன் ஹென்றியுடனும் அத்தை எம்முடனும் வாழ்கிறாள். அவர்கள் வீடு ஒரே அறை உடையது. எத்திசை நோக்கினும் மரமில்லை, வேறு வீடில்லை. வெயிலில் வெந்து உழுத மண் சாம்பல் நிறமாயிற்று. புல்லும் அந்நிறமே எய்திற்று. வீட்டிற்குப் பூசிய வண்ணம் வெயிலில் வெடித்து மழையில் கரைந்து, வீடும் சாம்பல் நிறமாகிவிட்டது. அழகிய இளம்பெண்ணாய் அங்கு வந்த அத்தையின் கண்ணொளியையும் கன்னச் சிவப்பையும் வெயிலும் காற்றும் கவர்ந்துகொண்டன. மாமனோ சிரித்தறியாதவர். டோடோ என்னும் நாய்க்குட்டி ஒன்றே டாரதியைச் சிரிக்க வைக்கிறது. நிலம் மக்களின் முகத்தையும் மாற்றும் என்பதைச் சில பக்கங்களிலேயே ஆசிரியர் காட்டிவிடுகிறார்.

ஒரு நாள் சூறாவளி எழுந்து, டாரதியையும் நாய்க்குட்டியையும் வீட்டோடு தூக்கிச் சென்று ஓஸ் நாட்டில் இறக்குகிறது. அங்கே பசும்புல்லும் பழமரங்களும் ஓடும் நீரும் காணப்படுகின்றன. அந்நாட்டின் கீழைப்பகுதி நீல நிறம், மேலைப்பகுதி மஞ்சள் நிறம், தென்பகுதி செந்நிறம், நடுவே மரகத நகரம் பச்சை நிறம். சாம்பல் நிலத்தை முன்னரே கண்டிராத பிள்ளைக்கு இவ்வண்ணங்கள் வியப்பளிக்குமோ? அளித்திருப்பினும் அவ்வியப்பு நெடிது நில்லாது. புறப்பட்ட இடத்தைத் தெளிவாகக் காட்டாத கதையில், சென்று சேரும் இடமும் தெளிவு பெறுவதில்லை.

எனினும் வண்ணம் மட்டும் மாறுவதாயின் ஓவியத் திரை என்பாரின் கூற்றே மெய்யாகிவிடும். பாம் அவ்வளவில் நிற்கவில்லை. மஞ்சட் செங்கல் பாவிய பாதையில் டாரதிக்கு மூன்று துணைவர் வாய்க்கின்றனர். சோளக்கொல்லையில் நின்ற வைக்கோற் பொம்மை மூளை வேண்டும் என்கிறது. காட்டில் துருப்பிடித்து அசையாது நின்ற தகர மரவெட்டி இதயம் வேண்டும் என்கிறான். கோழைச் சிங்கம் துணிவு வேண்டும் என்கிறது. தமக்கு இல்லை என்று இவர்கள் ஏங்குவன மெய்யாகவே இவர்களிடம் இல்லையா? இவ்வினாவிற்கு வழியில் எதிர்ப்படும் நிலங்களே விடை கூறுகின்றன.

முதலில் ஆழ்ந்த பள்ளம் ஒன்று குறுக்கிடுகிறது. அச்சத்தால் நடுங்கும் சிங்கமே ஒவ்வொருவராய் முதுகிற் சுமந்து அதனைத் தாண்டுகிறது. அதனினும் அகன்ற மற்றொரு பள்ளம் வரும்போது, மரத்தை வெட்டிப் பாலமாக்கலாம் என்று வழி கூறுவது மூளையில்லாத வைக்கோற் பொம்மையே. அப்பால் அபினி மலர்கள் செக்கச்செவேலென்று பூத்த வெளி வருகிறது. அம்மலரின் மணம் உயிருள்ளாரை மீளாத் துயிலில் ஆழ்த்துவது. டாரதி வீழ்கிறாள், வலிமை மிக்க சிங்கமும் வீழ்கிறது. தசையும் குருதியும் இல்லாத வைக்கோலும் தகரமும் அம்மணத்திற்கு மயங்கவில்லை. அவர்கள் இருவரும் தம் கைகளைப் பின்னி இருக்கையாக்கிச் சிறுமியைச் சுமந்து செல்கின்றனர். சிங்கத்தைத் தூக்க அவர்களால் இயலவில்லை. தகர மரவெட்டி இரக்கங்கொண்டு காட்டுப் பூனையிடமிருந்து காத்த எலியரசியின் குடிகள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து, அதனை வண்டியில் ஏற்றி இழுத்துச் செல்கின்றன. இதயமில்லாதவனுக்கு இரக்கம் எங்கிருந்து வந்தது? பள்ளத்தில் வலியது பூவெளியில் மெலியதாயிற்று, எளியது காப்பாயிற்று. இடம் மாறாதிருந்தால் இம்மாற்றங்களுள் ஒன்றேனும் வெளிப்பட்டிருக்குமா?

மரகத நகரம் வேறு வகைச் சோதனை. நகர வாயிலில் எல்லார்க்கும் பச்சைக் கண்ணாடி அணிவித்துப் பூட்டிவிடுகின்றனர். அங்கே அளித்த பட்டாடையும் பச்சையாகத் தோன்றுகிறது. நகரை விட்டு வெளியேறியதும் அவ்வாடை தூய வெண்மையாய் இருப்பதை டாரதி காண்கிறாள். மாய வித்தகரோ ஒமாகா என்னும் ஊரிலிருந்து பலூனில் ஏறிக் காற்றால் அடித்து வரப்பட்ட எளிய மனிதர். ஓர் இடத்தின் பெருமை, அதைக் காண்பார் அணிந்த கண்ணாடியாலும் உண்டாகலாம் என்னும் உலகியல் உண்மையைச் சிறு பிள்ளையும் இங்கு உணர்கிறது.

தென்திசைச் செலவில் பீங்கான் நாடு ஒன்று வருகிறது. அங்குள்ள மக்களும் மாடுகளும் கோயிலும் பீங்கானால் ஆயவை. பேரழகு வாய்ந்த பீங்கான் இளவரசியைத் தன்னோடு கான்சாஸ் கொண்டு செல்ல விழைகிறாள் டாரதி. தன் நாட்டை விட்டு அகன்றால் மூட்டுகள் இறுகி, அசையாத அழகுப் பொருளாய் நிற்க நேரும் என்று இளவரசி கூறுகிறாள். டாரதி அவளை அங்கேயே விட்டுச் செல்கிறாள். தன் வீட்டிற்கு ஏங்கும் சிறுமிக்குப் பிறர் வீட்டின் அருமை விளங்குவது இயல்பன்றோ?

முடிவில் ஒரு செய்தி வெளியாகிறது. டாரதி முதல் நாளே பெற்ற வெள்ளிக் காலணிகள் அவளை அன்றே வீட்டிற்குக் கொண்டு சேர்த்திருக்கும்! அவ்வாறாயின் நடந்த நடையெல்லாம் வீணா? நீ வந்திராவிடில் மூளை பெற்றிரேன் என்கிறது வைக்கோற் பொம்மை. மற்றை இருவரும் அவ்வாறே தாம் பெற்ற பேற்றை எடுத்துரைக்கின்றனர். குறுக்கு வழி கையிலிருந்தும் நெடுவழி நடந்ததனால் நால்வரும் உயர்ந்தனர்.

இக்கதையை 1939ஆம் ஆண்டில் திரைப்படமாக்கினர். கான்சாஸ் காட்சிகளை வண்ணமின்றியும் ஓஸ் காட்சிகளைப் பல வண்ணத்திலும் அமைத்தது பாராட்டத்தக்கது. ஆயினும் படத்தின் முடிவில் எல்லாம் டாரதி கண்ட கனவு என்று ஆக்கிவிட்டனர். நூலில் அவ்வாறில்லை. டாரதி மீண்டு வந்து காண்பது, சூறாவளி கொண்டுபோன வீட்டிற்கு மாற்றாக மாமன் கட்டிய புதிய வீடு. அவள் சென்றது மெய் என்பதற்கு அவ்வீடே சான்று. 1865ஆம் ஆண்டில் லூயிஸ் கரோல் எழுதிய ஆலிஸ் கதை கனவாய் முடிவது பொருத்தமே. அங்கே இடங்கள் தொடக்கம் முதலே காரணமின்றிக் கனவு போலவே மாறுகின்றன. ஓஸ் நாடோ காலால் நடந்து கடந்த நாடு. அதனைக் கனவென்பது, நடந்தவர் பட்ட பாட்டையும் கனவென்பதாகும்.

வளமிக்க ஓஸ் நாட்டை விட்டு, சாம்பல் நிலத்திற்கே திரும்ப விழைகிறாளே டாரதி, ஏன்? அத்தையும் மாமனும் அங்கே உள்ளனர். அழகிய நாடுகள் பலவற்றைக் கண்ட பின்னரும் அவள் விருப்பம் மாறாமையால், அவ்வன்பின் உறுதி புலனாகிறது. இடங்கள் மாற மாறத்தான் மாறாதது எது என்பது விளங்குகிறது.

ஆதலின் மாயப் பயணக் கதையைப் படிக்கும் மாணவரும், எழுத விழையும் மாணவரும் ஒவ்வொரு புதிய இடத்திலும் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். இந்நிலம் இங்கு வந்தவரிடம் எதனைக் கேட்கிறது? அவ்வினாவிற்கு விடையிருப்பின் அவ்விடம் கதைக்கு உறுப்பாகும். விடையில்லையேல் அது வெற்று ஓவியத் திரையே. பொன் தீயில் மாற்று அறியப்படும். கதைமாந்தர் தாம் கடக்கும் நிலத்தில் அறியப்படுவர்.