அழைப்பும் இரைச்சலும்

காதால் கேட்டு அறிவு பெறுதல் தமிழ் மக்களுக்குப் பழைய வழக்கம். ஏடு ஒருவர் கையில் இருக்க, அவர் படிக்கக் கேட்போர் பலராய்த் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கூடியிருந்த காலம் நெடியது. திருவள்ளுவர் கல்வியையும் கல்லாமையையும் கூறிய பின்னர், 'கேள்வி' என்றே ஓர் அதிகாரம் வகுத்தார். அச்சு நூல்கள் பெருகியபின் சற்றே பின்னிட்ட அவ்வழக்கம், இந்நாளில் வேறோர் உருவில் திரும்பி வந்திருக்கிறது. அதற்கு வலையொலி என்று பெயர்.

வானொலி நிலையம் ஒலிபரப்புவதைக் குறித்த நேரத்தில் கேட்டால்தான் உண்டு. வலையொலியோ இணையத்தில் பதிந்து வைக்கப்பெற்று, கேட்போர் விரும்பிய பொழுதில் கேட்கக் கிடப்பது. 'பாட்காஸ்ட்' என்னும் ஆங்கிலப் பெயர் 2004ஆம் ஆண்டில் 'கார்டியன்' நாளிதழின் கட்டுரை ஒன்றில் தோன்றியது. ஐபாட் என்னும் கையடக்கக் கருவியின் பெயரும், ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் கூடிப் பிறந்த சொல் அது. தமிழிலும் இவ்வகைப் பதிவுகள் பல வந்துள்ளன. தீபிகா அருண் என்பார் நடத்தும் 'கதை ஓசை'யில் தமிழ்ப் புதினங்கள் படித்துக் காட்டப்பெறுகின்றன. கண் களைத்தோரும், படிக்க நேரமின்றிப் பயணம் செய்வோரும் அவற்றால் பயன் பெறுகின்றனர்.

அத்தகைய பயணம் மிகுந்த ஊர்களுள் ஒன்று காக்களூர். திருவள்ளூரை ஒட்டிய இவ்வூரில் சிறுதொழிற்பேட்டை உண்டு; ஆவின் பால் பண்ணையும் உண்டு. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து மேற்கு நோக்கித் திறக்கப்பெற்ற தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை திருவள்ளூர் வழியாகவே சென்றது. இன்று அப்பாதையில் ஓடும் மின்தொடர் வண்டிகளில் காலையும் மாலையும் தொழிலாளர் நெருங்கி நிற்பர். கையை அசைக்கவும் இடமில்லாத அந்நெருக்கத்தில் நாளிதழை விரிக்க இயலாது. காதுக்கோ இடம் வேண்டுவதில்லை. (தண்டவாளத்தைக் கடக்கும்போதும் இயந்திரத்தின் அருகில் நிற்கும்போதும் காதுக்கருவியைக் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. அதனை மறந்து உயிர் இழந்தோர் உளர்.)

இத்தகைய ஊரில், தொழிற்பயிற்சி முடித்த இளைஞன் ஒருவன் வலையொலி ஒன்றைத் தொடங்குவதாகக் கொள்வோம். கடைசல் இயந்திரத்தின் முன் முப்பது ஆண்டுகள் நின்ற தொழிலாளி ஒருவரை அமர்த்தி, அவர் கைப்பழக்கத்தைச் சொல்லச் செய்கிறான். இரும்புச் சீவல் நீலம் பாய்ந்தால் சூடு மிகுந்தது என்று அறிவது எங்ஙனம், உளி மழுங்கியதை ஓசை கொண்டே உணர்வது எங்ஙனம் என அவர் கூறுவன எந்தப் பாடநூலிலும் எளிதில் கிடைக்காதவை. பதிவு நன்றாக அமைகிறது. ஆயினும் அதனைக் கேட்டோர் முப்பது பேரே. இளைஞன் உள்ளம் சோர்கிறது. தன் உழைப்பு வீணாகிவிடுமோ என்று அஞ்சுகிறான்.

அந்த அச்சம் இகழத்தக்கதன்று. நல்ல பொருளை ஆக்கியவன் அது கிடைக்கும் இடத்தைப் பிறருக்குச் சொல்லத்தான் வேண்டும். சொல்லாதிருத்தலை அடக்கம் என்று சிலர் போற்றுவர், அது பொருந்தாது. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்னரே அதனை வாங்குவதாகக் கையொப்பம் இட்டு உதவியோர் பலர். அக்கையொப்பங்கள் தாமே வந்துவிடவில்லை, கேட்டுப் பெறப்பட்டன. அத்துணைப் பெரும்புலவரே தம் நூலைப் பற்றிப் பிறரிடம் எடுத்துரைக்க நாணவில்லை எனின், காக்களூர் இளைஞன் ஏன் நாண வேண்டும்? ஆனால் ஐயர் பொருட்டுக் கையொப்பம் இட்டோர் தமிழில் பற்றுடையோரும் புரவலருமாவர். வழியிற் போவோர் அனைவரையும் மறித்து அவர் கேட்கவில்லை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

இளைஞன் தவறும் இடம் இதுவே. அச்சத்தால் உந்தப்பட்ட அவன், உறவினர் குழு, பள்ளித் தோழர் குழு, தெருவோர் குழு, கோயில் திருப்பணிக் குழு என வாட்ஸ்அப்பில் உள்ள எல்லாக் குழுக்களிலும் ஒரே அறிவிப்பை இடுகிறான். காலையில் ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, இரவில் ஒருமுறை. 'கேளுங்கள், பகிருங்கள், மறவாதீர்கள்' என்பதன்றி அதில் வேறு செய்தி இல்லை. இன்ஸ்டாகிராமில் இடும் படத்தோடு, கேளாமலே நாற்பது நண்பர்களின் பெயர்களையும் கோத்துவிடுகிறான். ஒருநாள் குழு ஒன்றில் பெரியவர் ஒருவர் மறைந்த செய்தி வருகிறது. அதன் கீழ் இரங்கல் உரைகள் வந்துகொண்டிருக்கும் நேரத்தில் இவன் அழைப்பும் வந்து விழுகிறது. துயருற்றிருந்த வீட்டார் அதனைக் கண்டனர், ஒன்றும் சொல்லவில்லை.

அவ்வாறு சொல்லாதிருப்பதே இதில் பெருங்கேடு. தெருவில் ஒருவன் ஓயாது கூவினால், கதவைத் திறந்து 'போதும் அப்பா' என்று சொல்ல ஒருவர் வருவார்; கூவியவனும் தன் குற்றத்தை அறிவான். சமூக வலைத்தளத்தில் அந்த நன்மை இல்லை. சலிப்புற்றவர் இவன் செய்திகளை ஒலியடக்கி விடுகிறார். அங்ஙனம் அடக்கப்பட்ட செய்தி அடக்கப்பட்டவனுக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. பின்தொடர்வோர் ஆயிரவர் என்று எண் காட்டிக்கொண்டே இருக்கும். அவருள் எத்தனை பேர் செவி கொடுக்கின்றனர் என்பது அவ்வெண்ணில் இராது. கேட்பார் குறைகின்றனரே என்று அவன் மேலும் கூவுகிறான். மேலும் கூவுவதால் இன்னும் சிலர் குறைகின்றனர். நட்பும் இங்ஙனமே சண்டையின்றித் தேய்கிறது.

பிறர் செவிக்கு எல்லை உண்டு என்பதை நாட்டுச் சட்டமே ஒப்புக்கொண்டுள்ளது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் அளவென்று வகுத்தன. ஆலைகள் முழங்கும் தொழிற்பகுதிக்கும் பகலில் 75, இரவில் 70 என்று அளவு உண்டு. இரைச்சலுக்கென்றே ஒதுக்கப்பட்ட இடத்திலும் இரைச்சலுக்கு வரம்பு இட்டது அவ்விதி. தொலைபேசியில் வரும் வணிக அழைப்புகளை வேண்டாதோர் தம் எண்ணைப் பதிவு செய்துகொள்ளும் முறையும் 2007ஆம் ஆண்டில் வந்தது. இன்று 1909 என்னும் எண் வாயிலாக அதனைச் செய்யலாம். வாட்ஸ்அப் நிறுவனமோ, வதந்திகளால் உயிர்கள் பறிபோனபின், ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்குமேல் அனுப்பவொட்டாதவாறு 2018ஆம் ஆண்டில் இந்தியாவில் தடுத்தது. ஆயினும் சட்டம் பேரொலியைத்தான் அளக்கும். நண்பனின் நச்சரிப்பை அளக்கும் கருவி அதனிடம் இல்லை.

அப்படியாயின் அழைப்பது எவ்வாறு? மணிமேகலையின் முதற் காதை விழாவறை காதை. இந்திர விழா வருவதைப் புகார் நகரத்தார்க்கு முரசறைந்து அறிவிப்பது அதன் பொருள். யானையின் பிடரியில் முரசை ஏற்றி அறைவோன், எடுத்த எடுப்பில் விழாவின் பெருமையைப் பேசுவதில்லை. முதலில் அம்மூதூரை வாழ்த்துகிறான். மழை பொழிக என்கிறான். அரசன் கோல் கோடாதிருக்க என்கிறான். பின்னரே விழாவைக் கூறி, தெருக்களையும் மன்றங்களையும் எவ்வாறு அணி செய்வது, பகையும் பூசலும் நீக்கி எவ்வாறு ஒழுகுவது என்று சொல்லி, விழா இருபத்தெட்டு நாள் நடக்கும் என்பதையும் தெளிவுபடுத்துகிறான். கேட்போன் அவ்வறிவிப்பிலிருந்து வெறுங்கையோடு செல்வதில்லை. விழாவுக்கு வர இயலாதவனுக்கும் அதில் ஒரு வாழ்த்துக் கிடைத்துவிடுகிறது.

அழைப்பின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது எனலாம். 'என் வலையொலியின் ஏழாம் பகுதி வந்துவிட்டது, கேளுங்கள்' என்பது இளைஞனுக்குச் செய்தி, கேட்போனுக்கு அன்று. 'இரும்புச் சீவல் நீல நிறம் கொண்டால் உளியின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள் என்கிறார் காக்களூர்த் தொழிலாளி ஒருவர். காரணத்தை அவரே இருபது நிமிடத்தில் விளக்குகிறார்' என்று எழுதினால், இணைப்பைத் தொடாமலே போகிறவனும் ஒன்றைக் கற்றுப் போகிறான். கேட்க எத்துணை நேரம் ஆகும் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறர் நேரத்தைக் கேட்பவன் அதன் அளவைச் சொல்லிக் கேட்பதே மரியாதை.

மற்றொன்று. வலையொலியைத் தொடர்ந்து பெறுவதற்குப் பதிவு செய்துகொண்டோர்க்குப் புதிய பகுதி தானே சென்று சேரும். வலையொலியின் அமைப்பே அத்தகையது. ஆகவே முன்னரே கேட்டுக்கொண்டிருப்போரை நாள்தோறும் அழைக்க வேண்டுவதில்லை. அழைப்பு, இன்னும் வராதவர்க்கே உரியது. வராதவரோ இவனையும் அறியார், தொழிலையும் அறியார். அவருக்கு விளங்குமாறு எழுதாமல், அறிந்தவரையே மீண்டும் மீண்டும் தட்டி எழுப்புவது எதற்கு?

திருவள்ளுவர் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரம் வகுத்தது, அவைக்கேற்பச் சொல்லும் வேறுபட வேண்டும் என்பது பற்றியே. தொழிற்பயிற்சி மாணவர் குழுவில் கடைசல் இயந்திரம் பற்றிய அழைப்பை இடலாம்; அது அவர்க்கு உதவி. திருப்பணிக் குழுவில் அதனை இடுதல் தகாது. அக்குழுவுக்கு ஒரு நோக்கம் உண்டு. அதனைப் பிறிதொன்றுக்குப் பயன்படுத்துதல், கல்யாணப் பந்தலில் நுழைந்து தன் கடையை விரிப்பது போன்றது. தொழிலாளர் வாழும் ஊருக்கு இன்னொரு கருத்தும் வேண்டும். அறிவிப்பு இடுவதற்கு நல்ல நேரம் காலை ஒன்பது மணி என்று நகரத்து நூல்கள் கூறலாம். ஆனால் இரவு முறைப்பணி முடித்து வந்தவர் அப்பொழுதுதான் கண் அயர்ந்திருப்பார். அவர் தலைமாட்டில் கைப்பேசியை ஒலிக்கச் செய்வது அறமாகாது. ஆகவே தனித்தனியே செய்தி அனுப்புவதினும், விரும்பியோர் தாமே வந்து காணும் 'ஸ்டேட்டஸ்' பகுதியில் இட்டு வைப்பது மேல். அது ஒலி எழுப்பாது, எழுந்தவர் கண்டுகொள்வார்.

சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் தொடங்கியது. அதன் நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே தாங்கி வந்த 'வானொலி' என்னும் இதழ் ஒன்று பின்னர் நெடுங்காலம் வெளிவந்தது. நேயர்கள் அதனைப் புரட்டித் தமக்கு வேண்டிய இசையையும் உரையையும் தேர்ந்து குறித்துக்கொண்டனர். நாள் தவறாது ஒரே ஒழுங்கில் பணி செய்தமையால், நிலையத்தார் வீடுதோறும் சென்று கதவைத் தட்ட நேரவில்லை. வெள்ளிதோறும் ஒரு பகுதி வரும் என்று சொல்லி, அவ்வாறே வெள்ளி தவறாமல் வெளியிடுபவனுக்குப் பாதி விளம்பரம் அவ்வொழுங்காலேயே நடந்துவிடும்.

'பலமுறை சொன்னால்தான் உலகம் கேட்கும், எஸ். எஸ். வாசன் 1948இல் சந்திரலேகா படத்தை வெளியிட்டபோது நாடெங்கும் விளம்பரத்தால் நிரப்பவில்லையா?' என்று கேட்போர் உண்டு. நிரப்பினார், வெற்றியும் கண்டார். ஆனால் அது ஒரு படம், ஒரு வெளியீடு. திருவிழா முரசைப் பொறுத்துக்கொள்ளும் ஊர், வாரந்தோறும் அதே முரசைப் பொறுக்குமா? வலையொலி வாரந்தோறும் வருவது. மேலும், வாசனின் விளம்பரம் செய்தித்தாளிலும் சுவரிலும் நின்றது. நண்பரின் குடும்பப் பேச்சுக்கு இடையே புகவில்லை. ஒரே பகுதியைப் பற்றி இரண்டாம் முறையும் சொல்லலாம். அப்பொழுது அதிலிருந்து வேறொரு செய்தியை எடுத்துச் சொல்லுதல் வேண்டும். எடுப்பதற்கு வேறு செய்தி இல்லையெனில், குறை விளம்பரத்தில் இல்லை, பதிவில் இருக்கிறது.

கேட்ட முப்பது பேரை மறந்து, கேளாத ஆயிரவரை நோக்கி ஓடுவது இளமைக்கு இயல்பு. அம்முப்பதின்மருள் ஒருவர் ஐயம் எழுப்பினால் அதற்கு அன்றே விடை எழுதுவதும், அவ்விடையை அடுத்த பகுதியில் அத்தொழிலாளியின் வாயாலேயே சொல்லச் செய்வதும், நூறு அறிவிப்புகளினும் வலியன. பேசிய முதியவருக்கும் பதிவை முதலில் அனுப்பி, அவர் உடன்பாட்டைப் பெற்றுப் பின்னரே வெளியிடுதல் தகும். அவர் அதனைத் தம் வீட்டில் ஒருமுறை கேட்பார். மறுநாள் தேநீர் இடைவேளையில், தம் குரல் பதிவாகியிருப்பதைப் பணிமனைத் தோழரிடம் சற்றுக் கூச்சத்தோடு கூறுவார். தோழர் கை எண்ணெயைத் துணியில் துடைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து, அதன் பெயர் என்ன என்று வினவுவார்.