சாய்ஞ்ச எழுத்து நிமிர்ந்த கதை

லோகோன்னா என்ன பாஸ்? நாலு கலர், ரெண்டு வளைவு, கீழே ஒரு பஞ்ச் டயலாக். சிம்போசியம் போஸ்டர் ரெடி! நம்ம கேம்பஸில் பாதிப் பேர் இப்படித்தான் நினைச்சுக்கிட்டிருக்கோம். 'படம் வரையறவங்க வேலை அது, நமக்கு எதுக்கு?'னு மெக்கானிக்கல் மக்கள் முறைக்காதீங்க. இந்த வாரம் நான் சொல்லப்போறது லண்டன் பி.பி.சி-யோட மூணு பெட்டிக் கதை. இதில் அழகைவிட இன்ஜினீயரிங்தான் ஜாஸ்தி!

1997 வரைக்கும் பி.பி.சி. லோகோ எப்படி இருந்துச்சு தெரியுமா? சாய்வா மூணு பெட்டி, உள்ளே சாய்ஞ்ச எழுத்து, அடியில் நீலம், சிவப்பு, பச்சைனு மூணு கோடு. பார்க்க ஸ்டைல்தான். வேலைனு வந்தா வம்பு! டி.வி., கம்ப்யூட்டர் திரையெல்லாம் புள்ளிகளை வரிசையா அடுக்கித்தான் படம் காட்டுது. நேர்க்கோடுன்னா பிரச்னை இல்லை. சாய்வுக் கோடு வந்தா, ஓரமெல்லாம் மாடிப்படி மாதிரி பிசிறடிக்கும். பேப்பரில் அச்சடிக்கப் போனாலோ, அந்த மூணு கோட்டுக்காகவே கலர் பிரின்ட் செலவு. அந்தச் செலவு யார் தலையில்? பி.பி.சி. ஓடுறதே முக்கியமா பிரிட்டன் மக்கள் கட்டுற டி.வி. லைசென்ஸ் கட்டணத்தில்தான்!

1997 அக்டோபரில் டிசைனர் மார்ட்டின் லாம்பி-நைர்ன் டீம் என்ன பண்ணுச்சு? பெட்டிகளை நிமிர்த்திட்டு, கோடுகளைத் தூக்கிட்டு, எரிக் கில் வடிவமைச்ச 'கில் சான்ஸ்' எழுத்தைப் போட்டுச்சு. அவ்வளவுதான்! ஒரே கலரில் அச்சடிக்கலாம், எந்தத் திரையிலும் பிசிறு இல்லை. முன்னாடி அதே மூணு பெட்டி, பின்னாடி சேனல் பேர் மட்டும் மாறும். அடுத்த மாசமே பி.பி.சி-யின் செய்தி இணையதளம் வந்தப்போ, லோகோ ரெடியா இருந்துச்சு.

அப்புறம் செல்போன் காலம். 2017-ல் பி.பி.சி. தனக்குன்னே ஒரு எழுத்துரு செய்ய வெச்சுது. முதல் டைரக்டர் ஜெனரல் ஜான் ரீத் நினைவா அதுக்கு 'பி.பி.சி. ரீத்'னு பேர். அடுத்தவங்க எழுத்துருவுக்கு லைசென்ஸ் காசு கட்ட வேண்டாம், குட்டித் திரையிலும் எழுத்து தெளிவா தெரியும்னு ரெண்டு காரணம். 2021 அக்டோபரில் லோகோவும் அந்த எழுத்துக்கு மாறுச்சு. எழுத்து கொஞ்சம் சின்னது, பெட்டிகளுக்கு நடுவில் இடைவெளி கொஞ்சம் பெருசு. ஐபிளேயர், சவுண்ட்ஸ், நியூஸ்னு ஒவ்வொரு சேவையின் சின்னமும் அதே மூணு பெட்டியிலிருந்து பிறந்துச்சு.

'ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கிற போட்டியா? இதுக்கா எங்க காசு?'னு அங்கே ஜனங்க வறுத்து எடுத்துட்டாங்க. நியாயமான கேள்விதான். போர்டு, வேன், மைக்னு லோகோ ஒட்டின அத்தனையையும் மாத்தணுமே! சொந்த எழுத்துருவில் மிச்சமாகிற காசும் ஒரே நாளில் கைக்கு வராது, வருஷக்கணக்கா பயன்படுத்தினாத்தான் வரும். அதனால, 'புதுசு அழகா இருக்கா?'ங்கிறது ரெண்டாவது கேள்வி. 'பழசில் எந்தப் பிரச்னையைத் தீர்த்தீங்க?'ங்கிறதுதான் முதல் கேள்வி. 1997-ல் அதுக்குப் பளிச்னு பதில் இருந்துச்சு. 2021-ல் பாதிப் பேருக்குப் பதில் கண்ணில் படலை, அதான் கலாய்ச்சாங்க.

நம்ம ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1941-லிருந்து பி.பி.சி. தமிழில் பேசிட்டிருக்கு. தாத்தாக்கள் ஷார்ட்வேவில் 'தமிழோசை' கேட்ட காலத்தில் லோகோவை யார் பார்த்தா? குரலைக் கேட்டே கண்டுபிடிச்சாங்க. 2017 ஏப்ரலோட அந்த வானொலி நின்னுபோச்சு. இப்போ தமிழ்ச் செய்தி இணையத்திலும் போனிலும் வருது. குரல் பார்த்த வேலையில் பாதியை இப்போ ஒரு குட்டிச் சதுரம் பார்க்குது.

சரி, நம்ம கதைக்கு வருவோம். வருஷா வருஷம் புது கமிட்டி வந்ததும் டிபார்ட்மென்ட் லோகோவை மாத்துறோமே, போன வருஷ பேனரும் டி-ஷர்ட்டும் என்ன ஆகுது? ஜூனியர்ஸ்கிட்ட வசூல் பண்ணின காசுதானே அது! மாத்துறதுக்கு முன்னாடி ரெண்டே டெஸ்ட் வைங்க. லோகோவைப் போனில் விரல் நகம் சைஸுக்குச் சுருக்குங்க. அப்புறம் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு-வெள்ளையில் ஒரு காப்பி எடுங்க. ரெண்டிலும் தேறிடுச்சா? லோகோவை விட்டுடுங்க, மிச்சக் காசுக்கு ஜூனியர்ஸுக்கு பிரியாணி வாங்கிக் கொடுங்க!