கேட்டால்தான் கணக்கு வரும்

அரசாங்கப் பணம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் அரசாங்கத்துக்கென்று தனியாக ஒரு காசும் கிடையாது. கிராணி கட்டும் வருமான வரியும், பால்மரம் வெட்டும் தொழிலாளி வாங்கும் சாமான் விலையில் கலந்திருக்கும் வரியும், இந்நாட்டு ரப்பரும் செம்பனையும் தலைமுறை தலைமுறையாக ஈட்டித் தந்த தீர்வையும் சேர்ந்துதான் கஜானா நிறைந்தது. நம் பணம் நம் பெயரால் செலவாகும்போது, அது எங்கே போயிற்று, யார் கைக்குப் போயிற்று என்று கேட்பது பிச்சை கேட்பது ஆகாது. கணக்குக் கேட்பது ஆகும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர். போட்டவனுக்கே அளவு தெரியவில்லை என்றால், அந்தக் குற்றம் ஆற்றின்மேல் இல்லை.

கணக்குக் கேட்க ஜனநாயக நாட்டில் பல வழிகள் உண்டு. மேடையில் முழங்கலாம், ஊர்வலம் போகலாம், மகஜர் கொடுக்கலாம். அவை யாவும் வேண்டியவையே. ஆனால் அதிகச் சத்தமில்லாமல், செலவில்லாமல், கையில் ஒரு பத்திரத்தோடு முடிகிற வழி ஒன்று உண்டு. நம் தொழிலாளர்களில் மிகச் சிலருக்கே அது தெரியும். பாராளுமன்றத்தில் எழுத்து மூலம் கேட்கப்படும் கேள்விதான் அது.

அதன் முறை சுலபமானது. மக்களவையின் 222 உறுப்பினர்களில் எவரும், மேலவை உறுப்பினரும், சபை விதிகள் வகுத்த அளவுக்குள் அமைச்சருக்கு முன்கூட்டியே கேள்வி அனுப்பலாம். ஒரு வகைக் கேள்விக்கு அமைச்சர் சபையிலே எழுந்து நின்று பதில் சொல்வார். மற்றொரு வகைக்கு எழுதிக் கொடுப்பார். வாய்மொழிக் கேள்வி நேரம் குறுகியது. அன்றைய பட்டியலில் சில கேள்விகளே சபையில் எடுக்கப்படும். எஞ்சியவற்றுக்கும் எழுத்திலேதான் பதில் வரும். எழுத்தில் வந்த பதில் அரசாங்கத்தின் வாக்குமூலம். நாளைக்கு ஒருவர், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுக்க முடியாது.

நம் தொழிலாளிக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. பால் கொட்டகையில் வாளியை இறக்கியதும், "நல்ல பால்தான், வைத்துவிட்டுப் போ" என்று கிராணி சொன்னால் எவரும் நகரமாட்டார். எடை எத்தனை, மெட்ரோலெக் என்ன காட்டுகிறது, புத்தகத்தில் என்ன பதிந்தார் என்று பார்த்த பின்னரே நகர்வார். அரசாங்கம், "இந்தியத் தொழிலாளர் நலனுக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கியிருக்கிறோம்" என்று சொல்லும்போது மட்டும் நாம் ஏன் எண்ணைப் பார்க்காமல் கைதட்டிவிட்டு வருகிறோம்?

பாராளுமன்றக் கேள்வி என்னும் வழக்கமே பணம் காணாமற்போன விவகாரத்தில்தான் நமக்கு முதன்முதலாகப் பதிவாகிக் கிடைக்கிறது. 1720-ஆம் ஆண்டு இலண்டனில் தென்கடல் கம்பெனி என்ற பெருங் கம்பெனியின் பங்கு விலை சரிந்து, எண்ணற்ற குடும்பங்கள் முதலை இழந்து தவித்தன. அக் கம்பெனியின் தலைமைக் காசாளர் ராபர்ட் நைட் என்பவர் வெளிநாட்டுக்கு ஓடிவிட்டார். அவர் பிடிபட்டாரா என்று 1721-இல் பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு அரசாங்கத்தைக் கேட்டார். பதிவேட்டில் உள்ள முதற் கேள்வி அதுவே என்பர். ஓடிப்போன காசாளரைப் பற்றிய கேள்வி! இந்த மரபு எதற்காகப் பிறந்தது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

நமக்கு அண்மையான உதாரணம் இந்தியாவில் நடந்தது. 1956-இல் இந்திய அரசாங்கம் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைத் தேசியமயமாக்கி, ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனை அமைத்தது. அதன் பணம் ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் சிறு வியாபாரிகளும் தம் பிள்ளைகுட்டிகளுக்கென்று தவணை தவணையாகக் கட்டிய பணம். 1957 ஜூன் மாதத்தில், ஹரிதாஸ் முந்திரா என்ற முதலாளியின் ஆறு கம்பெனிகளில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு அந்தக் கார்ப்பரேஷன் பங்குகள் வாங்கியது. முதலீட்டுக் குழுவை முறையாகக் கலந்து கொள்ளவில்லை. நொடித்துக் கொண்டிருந்த ஒருவரைத் தூக்கி நிறுத்தப் பொதுமக்கள் பணம் போயிற்று.

இதை வெளிக்கொண்டு வந்தது புரட்சியுமல்ல, போலீசுமல்ல. லோக் சபையில் ராம் சுபக் சிங் முதலிய உறுப்பினர்கள் கேட்ட கேள்விதான். முதலில் வந்த பதிலில் விஷயம் தெளியவில்லை. உறுப்பினர்கள் விடவில்லை, மீண்டும் கேட்டனர். 1957 டிசம்பர் 16-ஆம் நாள் பெரோஸ் காந்தி எழுந்து, தேதியும் தொகையுமாக விவகாரத்தை அடுக்கி வைத்தார். பம்பாய்ப் பிரதம நீதிபதி சாக்லா தலைமையில் பகிரங்க விசாரணை நடந்து, சில வாரங்களிலேயே முடிந்தது. 1958 பிப்ரவரியில் நிதி அமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். அவர் சென்னை தந்த பேரறிவாளர்; நம்மவர். எனினும் தம் இலாகாவில் நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்று ஆயிற்று. நம்மவர் என்பதற்காகக் கணக்கை மூடி வைக்க முடியாது.

இந்த விவகாரத்திலிருந்து நாம் கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, கேள்வி குறிப்பாக இருந்தது: எந்தக் கம்பெனி, எத்தனை ரூபாய், எந்த மாதம். இரண்டாவது, முதற் பதிலோடு கேட்டவர்கள் அடங்கிவிடவில்லை. மூன்றாவது, கேட்டவர்கள் எதிர்க் கட்சியினர் அல்லர். ராம் சுபக் சிங் ஆளும் காங்கிரஸ் உறுப்பினர். பெரோஸ் காந்தியோ காங்கிரஸ் உறுப்பினர் மட்டுமல்ல, பிரதமர் நேருவின் மருமகனுமாவார். "எங்கள் கட்சி ஆட்சியில் இருக்கிறது, நான் எப்படிக் கேட்பது?" என்று கையைப் பிசையும் நம் பிரதிநிதிகள் இதை மறக்கக் கூடாது.

ஈப்போ வட்டாரத்துக்கு அச்சமின்றிக் கேட்பது புதிதல்ல. மக்கள் முற்போக்குக் கட்சியின் டி. ஆர். சீனிவாசகம் ஈப்போவின் பிரதிநிதியாகச் சபையில் இருந்தார். 1964-இல் அவர் மத்திய அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் மீது சபையிலே ஊழல் குற்றச்சாட்டுக் கூறினார். சபைக்கு உள்ளே பேசியதற்காக ஓர் உறுப்பினரை வழக்கு மன்றத்துக்கு இழுக்க முடியாது என்பது நம் அரசியல் சட்டத்தின் 63-ஆம் ஷரத்துத் தரும் பொது விதி. வெளியே வந்து சொல்லட்டும் என்று சவால் எழுந்தது. அவர் வெளியிலும் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்து 1965-இல் தோற்றார், பதவியும் துறந்தார். சீனிவாசகம் 1969-இல் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய பூங்கா ஈப்போவில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை விளையாட அழைத்துப் போகும் பெற்றோர், அவர் யார் என்பதையும் சொல்லிக் கொடுத்தால் நலம்.

இப்போது செமோருக்கு வருவோம். ஒரு காலத்தில் இவ்வூரைச் சுற்றி ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. இன்று பல நிரைகள் செம்பனையாகிவிட்டன. பல, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. மரத்தை விட்ட நம் மக்கள் வீடு தேடி, பள்ளிக்கூடம் தேடி, பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி தேடி அலைகிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் அவ்வப்போது பட்ஜெட்டில் பணம் அறிவிக்கப்படுகிறது. அறிவித்த நாளன்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வருகிறது. பிறகு என்ன ஆயிற்று என்று யார் கேட்டார்?

2011-ஆம் ஆண்டு பட்ஜெட்டில், தோட்டத் தொழிலாளர் மலிவு வீடு வாங்குவதற்குக் கடன் தர 5 கோடி வெள்ளி நிதி அறிவிக்கப்பட்டது. இதைப் பற்றி ஓர் உறுப்பினர், "தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிரச்சினையில் அரசாங்கம் என்ன நடவடிக்கை எடுக்கிறது?" என்று கேட்டால், "அரசாங்கம் மிகுந்த அக்கறையோடு கவனித்து வருகிறது" என்றுதான் பதில் வரும். தவறு பதிலில் மட்டுமில்லை, கேள்வியிலும் இருக்கிறது. "அந்த நிதியிலிருந்து ஆண்டுவாரியாக, மாநிலவாரியாக எத்தனை தொழிலாளருக்குக் கடன் கொடுக்கப்பட்டது? எத்தனை மனு நிராகரிக்கப்பட்டது, எக்காரணத்தால்? மீதித் தொகை இன்று எந்தக் கணக்கில் இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு எண்ணால்தான் பதில் சொல்ல முடியும். எண் சொல்லாவிட்டால் சொல்லாததே ஒரு பதிலாகிவிடும்.

மித்ரா விஷயத்தையும் எடுத்துக் கொள்ளுங்கள். செடிக் இருந்த இடத்தில் 2018-இல் மித்ரா வந்தது. 2019 பட்ஜெட்டில் அதற்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கப்பட்டது. 2021-இல் அந்நிதி பற்றி ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்திச் சிலரைக் கைது செய்த பிறகுதான் நாடே அதைப் பற்றிப் பேசிற்று. நாம் எவரையும் இங்கே குற்றவாளி என்று சொல்லவில்லை. அது வழக்கு மன்றத்தின் வேலை. எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை பேர் பயிற்சி முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று ஆண்டுதோறும் கேட்டுப் பட்டியல் வாங்கியிருந்தால், கைவிலங்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்திராது என்பதே நாம் சொல்வது. திருட்டுப் போன பின் திருடனைப் பிடிப்பதைவிட, தினமும் பெட்டியைத் திறந்து எண்ணுவது மேல்.

எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட மானியம், மித்ரா, தொழிலாளர் இலாகா ஆகியவை மத்திய அரசாங்கத்தின் கையில். தோட்ட வீடுகள் 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டப்படி இருக்கின்றனவா, கிந்தா வட்டாரத்தில் எத்தனை தோட்டங்கள் பரிசோதிக்கப்பட்டன என்பதைப் பாராளுமன்றத்தில் கேட்க வேண்டும். நிலமோ மாநில விஷயம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை நிலவாரியத்தின் அனுமதியின்றி விற்கவோ துண்டாடவோ கூடாது என்பது தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு. பேரா மாநிலத்தில் அவ்வாரியம் எத்தனை மனுக்களுக்கு அனுமதி தந்தது, தொழிலாளருக்கு வீடு தரவேண்டுமென்று நிபந்தனை விதித்ததா என்பதை ஈப்போவில் கூடும் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். தப்பான கதவைத் தட்டினால், "இது எங்கள் அதிகாரத்தில் இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வருவோம்.

இன்னொன்று. அமைச்சராயிருப்பவர் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர். கேள்வி கேட்கும் இடத்தில் இருப்பவரல்லர். 2022 பொதுத் தேர்தலில் நம் பக்கத்துத் தம்புன் தொகுதியில் வென்றவரே பிரதமர் பதவி ஏற்றார். அத்தகைய தொகுதியின் மக்கள் அண்டைத் தொகுதி உறுப்பினரையோ மேலவை உறுப்பினரையோ நாடலாம். உங்கள் தொகுதி இல்லை என்று மறுக்க அவர்களுக்கு நியாயமில்லை; செலவாவது நாடு முழுவதற்கும் பொதுவான பணம்.

கேள்வி சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை. "தகவல் திரட்டப்படுகிறது" என்று தட்டிக் கழிப்பார்கள். 1972-ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டத்தைக் காட்டுவார்கள். 1எம்டிபி பற்றிய தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே 2016 முதல் 2018 மே வரை இரகசியமென்று பூட்டி வைக்கப்பட்டதல்லவா? வழக்கு மன்றமும் எப்போதும் கைகொடுக்காது. சுங்கை சிப்புட் உறுப்பினராயிருந்த டாக்டர் ஜெயக்குமார், தொகுதி ஒதுக்கீட்டு நிதி எதிர்க் கட்சித் தொகுதிக்கு மறுக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் பலிக்கவில்லை. ஆகவேதான் தகவல் உரிமைச் சட்டம் வேண்டும் என்கிறோம். சிலாங்கூரும் பினாங்கும் தங்கள் மாநிலத்துக்கு அத்தகைய சட்டம் இயற்றியிருக்கின்றன. பேராவுக்கும் வேண்டும், நாடு முழுமைக்கும் வேண்டும். அதுவரை கையிலிருக்கும் கருவியைத் துருப்பிடிக்க விடலாமா?

"கேட்டால் கோபித்துக் கொள்வார்கள், வருகிற மானியமும் நின்றுவிடும்" என்று நம்மிலே சிலர் காதோடு காதாகச் சொல்கிறார்கள். இந்தப் பயம் பழைய பயம். சம்பளம் ஏன் குறைந்தது என்று கேட்டால் லயத்தை விட்டுத் துரத்துவார்கள் என்று அஞ்சிய காலமும் ஒன்றிருந்தது. அன்று நம் பெற்றோர் அஞ்சிக்கொண்டே இருந்திருந்தால் தொழிற்சங்கம் தோன்றியிருக்குமா? கேட்டால் நின்றுவிடும் மானியம், கேட்காவிட்டாலும் நம் கைக்கு முழுதாக வந்து சேரப் போவதில்லை.

எனவே நம் கிளைகளுக்கு நாம் கூறுவது இது. ஒவ்வொரு கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். பட்ஜெட்டில் நம்மைப் பற்றி வந்த ஒவ்வோர் அறிவிப்பையும் தேதியோடும் தொகையோடும் குறியுங்கள். எதிர்ப்பக்கத்தில், அது நம் வட்டாரத்துக்கு வந்ததா, எவ்வளவு வந்தது, என்ன வேலை நடந்தது என்று எழுதுங்கள். கூரை மாற்றினார்களா, தண்ணீர்க் குழாய் போட்டார்களா என்பதைக் கண்ணால் பார்த்தவர் தொழிலாளி. அதை முறையாக எழுதத் தெரிந்தவர் கிராணி. செக்ரோலை எழுதிய கை, சர்க்கார் கணக்கையும் சரிபார்க்கட்டும். இரு பக்கமும் ஒத்துப்போகாத வரிகளைத் தேர்ந்து, ஒரு கேள்விக்கு ஒரு விஷயமாக எழுதி, சபை கூடுவதற்குப் பல வாரம் முன்பே உறுப்பினரிடம் கொடுங்கள். பதில் வந்ததும் கிளைக் கூட்டத்தில் தமிழில் வாசியுங்கள். பதில் மழுப்பலானால் அடுத்த கூட்டத்துக்கு மறுபடி அனுப்புங்கள். எந்த உறுப்பினர் கேட்டார், எவர் தட்டிக் கழித்தார் என்பதையும் அதே புத்தகத்தில் குறித்து வையுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிற நாளில் பயன்படும்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பது பழமொழி. நாம் அழுதது போதும். எத்தனை படி பால் கறந்தது, எத்தனை படி வீடு வந்தது என்று கேட்கத் தெரிந்த பிள்ளையாக இனி வளர்வோம். கிளைச் செயலாளர்களே, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் விஷயமாக வையுங்கள்.