போர்டிகோவில் கார் லிஃப்ட்: முதலில் தரையைப் பாருங்கள்

வாசுதேவநல்லூர்ப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் போர்டிகோவைத் தாராளமாகப் போடுகிறார்கள். கார் நிற்க இடம் வந்ததும், நாமே காருக்குக் கீழே படுத்து ஆயில் மாற்றலாம், எலி கடித்த ஒயரைத் தேடலாம் என்ற ஆசையும் சிலருக்கு வந்துவிடுகிறது. உருட்டிக்கொண்டு போய் வைக்கும் சிறிய லிஃப்ட்கள் இப்போது ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அவற்றை விசாரிக்கிறவர்கள் என்னிடம் கேட்பது, எத்தனை டன் வாங்கலாம் என்று. உங்கள் போர்டிகோ தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

பட்டுத் தெரிந்துகொண்டதால்தான் கேட்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாதம், சாரல் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. என் பழைய காரின் முன்பக்கத்தில் கடகடவென்று சத்தம். டிராலி ஜாக்கியைக் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் கொடுத்து அடித்தேன். டிராலி ஜாக்கியின் கை நேர்க்குத்தாக எழாது, வில்லாக வளைந்துதான் எழும். அந்த வளைவுக்கு ஈடாக ஜாக்கி தன் சின்ன இரும்புச் சக்கரங்களில் உருண்டு காரை நோக்கி நகர வேண்டும். பார்க்கிங் டைல்ஸின் கட்டங்களுக்கு இடையிலிருந்த பள்ளத்தில் சக்கரம் மாட்டிக்கொண்டது. ஜாக்கி நகரவில்லை, அதன் தலை நகர்ந்தது. தகடு மடங்கி, கார் ஒரு சாண் கீழே வந்து விழுந்தது. துடைக்கத் துணி எடுப்பதற்காக அப்போதுதான் எழுந்திருந்தேன். பார்க்க வந்த மெக்கானிக் தம்பி காரை விட்டுவிட்டுத் தரையைத்தான் குனிந்து பார்த்தார். “ஜாக்கி மேல தப்பு இல்ல அண்ணாச்சி. தரை பிடிச்சிருக்கு” என்றார்.

நம் ஊர்ப் போர்டிகோ எப்படி உருவாகிறது என்று கட்டும்போது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டு இடிப்பார்கள். மேலே மூன்று நான்கு அங்குலத்துக்கு பி.சி.சி. (கம்பி கட்டாத கான்கிரீட்) போடுவார்கள், அநேகமாக 1:4:8 கலவை. அதன் மேல் டைல்ஸ். மழைத் தண்ணீர் தெருவுக்கு ஓட வாசல் பக்கம் வாட்டம் கொடுப்பார்கள். கார் நிற்க இது போதும், நான்கு டயரும் பாரத்தை அகலமாகப் பரப்பிவிடும். லிஃப்டின் பாரம் அப்படிப் பரவாது. 1:4:8 கலவையின் வலு எம் 7.5 என்ற கணக்கில் வரும். தரையில் போல்ட் போட்டு நிறுத்தும் இரண்டு தூண் லிஃப்ட், கழற்றி ஓரமாக வைக்கக்கூடிய சிறு வகையாக இருந்தாலும், குறைந்தது 4 அங்குல கனமும் 3,000 பி.எஸ்.ஐ. வலுவும் உள்ள கான்கிரீட்டைக் கேட்கும். அது நம் கணக்கில் குறைந்தது எம் 20, அதாவது 1:1½:3 கலவை. சாதாரணப் போர்டிகோவில் அந்தத் தூண்களை நட்டால் போல்ட் பிடிப்பது டைல்ஸையும் மெலிந்த கலவையையும்தான். கரிசல் மண் மீது கட்டிய வீடென்றால் கோடையில் வெடித்து ஐப்பசியில் உப்பும் பூமியையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். இந்த வகையை நம் வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

போல்ட் இல்லாமல் தரையில் வைத்துப் பயன்படுத்தும் வகைகள் இரண்டு. ஒன்று, காரின் இரு பக்கமும் நீளவாக்கில் வைக்கும் தாழ்வான சட்டங்கள். குயிக்ஜாக் என்ற பெயரில் பலர் பார்த்திருப்பார்கள். காரை அரை மீட்டர் அளவுக்குத் தூக்கும், நடுப்பகுதி முழுக்கத் திறந்திருக்கும். இன்னொன்று கத்திரி லிஃப்ட். ஒரு மீட்டர் வரை உயர்த்தும், ஆனால் அதன் கத்திரிக் கால்களே காரின் நடு வயிற்றை மறைத்துவிடும். டயர், பிரேக் வேலைக்கு நல்லது, சைலன்சர், கியர்பாக்ஸ் வேலைக்கு ஆகாது. வீட்டுக்கு என்றால் முதல் வகைதான் என் தேர்வு. அதிலும் டன் கணக்கை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பழைய ஆல்டோவின் முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,360 மி.மீ., இன்னோவா கிரிஸ்டாவில் 2,750 மி.மீ. அமெரிக்கக் கார்களை மனதில் வைத்துச் செய்த நீளச் சட்டம் ஆல்டோவின் இரண்டு டயர்களுக்கு நடுவே அடங்காமல் போகலாம். ஜாக்கி கொடுக்கும் புள்ளிகளின் இடைவெளியை டேப் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பொலீரோ மாதிரி தனிச் சாசிஸ் உள்ள வண்டிக்குப் புள்ளிகளே வேறு. மின்சாரக் காரில் தரைத்தகட்டின் கீழே பேட்டரி இருக்கிறது. புள்ளி தவறினால் சேதம் தகட்டோடு நிற்காது.

கரண்டையும் மறந்துவிடக் கூடாது. இந்த லிஃப்ட்களில் தூக்கிய பிறகு இரும்புப் பூட்டு விழும், கார் நிற்பது அந்தப் பூட்டில்தான். இறக்க வேண்டுமானால் முதலில் கொஞ்சம் மேலே தூக்கிப் பூட்டை விடுவிக்க வேண்டும், அதற்கு பம்ப் ஓட வேண்டும். நடுவில் கரண்ட் போனால் கார் அந்தரத்திலேயே நிற்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் பம்புகளும் இருக்கின்றன, நம் ஊருக்கு அவை பொருந்தும்.

இவ்வளவும் சொன்னாலும், ஒரே ஒரு கார் வைத்திருக்கும் வீட்டுக்கு லிஃப்ட் தேவையா என்றால், தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். இன்றைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஆயில் மாற்றம். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை படுப்பதற்கு நல்ல டிராலி ஜாக்கி ஒன்றும், ஒரு ஜோடி ஸ்டாண்டும், சக்கரத்துக்குக் கொடுக்க இரண்டு கட்டைகளும் போதும். கட்டையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கிய நிமிஷமே அந்தப் பிடி போய்விடும், வாட்டமான தரையில் கார் தெருவைப் பார்த்து நகரப் பார்க்கும். மலை மாதிரி வருகிற தேரையே சக்கரத்தடியில் கட்டை கொடுத்து நிறுத்தும் ஊர்க்காரர்கள் நாம். நம் காருக்கும் அதைக் கொடுக்கலாம். ஸ்டாண்டின் காலுக்குக் கீழே கனமான பிளைவுட் துண்டு போட்டால் டைல்ஸ் உடையாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் மட்டும் வேண்டவே வேண்டாம். அவை முன்னறிவிப்பில்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும்.

ஸ்டாண்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2020-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய கருவி நிறுவனம், உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல் சரியாகக் கவ்வாததால் லட்சக்கணக்கான ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. பதிலுக்குக் கொடுத்தவற்றில் சிலவற்றின் வெல்டிங்கிலும் குறை இருந்தது. சாரல் காலத்து ஈரத்தில் துருப்பிடித்த பல்லும் அப்படித்தான் ஏமாற்றும். காரை ஸ்டாண்டில் இறக்கியதும் கையால் நன்றாக அசைத்துப் பாருங்கள். கழற்றிய டயரையும் வண்டிக்கு அடியில் தள்ளி வையுங்கள். எல்லாம் கைவிட்டாலும் மார்புக்கும் இரும்புக்கும் நடுவே அந்த டயர் இருக்கும்.

லட்சத்தைத் தொடும் லிஃப்ட் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. திருமங்கலத்திலிருந்து கொல்லம் போகும் தேசிய நெடுஞ்சாலை நம் ஊர் வழியாகத்தான் போகிறது. சீசனில் குற்றாலத்துக்கும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கும் போகிற வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. சிவகிரியிலிருந்து கடையநல்லூர் வரை சாலையோரப் பட்டறைகளில் ஒருவர், இருவராக வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் தினமும் பத்துத் தடவை வண்டிக்குக் கீழே போகிறார்கள். 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் தூக்கும் இயந்திரங்களைத் தகுதியுள்ளவர் வருஷத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று விதித்தது. மின்விசை உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. புளியமரத்தடிப் பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. ஆனால் அவர்கள் லிஃப்ட் வாங்க வழி இருக்கிறது: 2015-இல் தொடங்கிய முத்ரா கடன் திட்டத்தில் 50,000 ரூபாய் வரை ‘சிசு’ கடன், அதற்கு மேல் 5 லட்சம் வரை ‘கிஷோர்’ கடன், இரண்டுக்கும் பிணை வேண்டாம். தாழ்வான சட்ட லிஃப்ட் ஒன்றும், அதை வைக்க எம் 20 கான்கிரீட்டில் பத்தடிக்குப் பதினைந்தடித் தளமும் ‘கிஷோர்’ தொகைக்குள் அடங்கும். வங்கி மேலாளர்கள் மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சொல்ல வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் படித்து வெளியே வரும் பையன்களுக்கும் சொல்ல வேண்டும்.

அன்று என் போர்டிகோ தரையைக் குனிந்து பார்த்த தம்பியின் பட்டறையில் இன்றும் லிஃப்ட் இல்லை. பழைய வீல் டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதன் மேல் ஒரு பலகைத் துண்டு போட்டு, வண்டியை இறக்கிவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கீழே போகிறார்.