டிரைவர் வாயை மூடினால் வேலை முடிந்ததா?

கிராண்ட் பிரீ ரேசிங் ஆன்லைன் ஆடுபவர்களில் பலர் பயிற்சிச் சுற்றுகளை வீணடிக்கிறார்கள். முன் இறக்கை, பின் இறக்கை, என்ஜின், பிரேக், கியர், சஸ்பென்ஷன் என ஆறு செட்டிங். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 999 வரை. கையில் இருப்பதோ 8 சுற்றுதான்! சுற்றுக்கு ஒரு பாகமாகத் திருகிக்கொண்டிருந்தால் எப்போது முடிப்பது? டிரைவர்தான் பாகவாரியாகக் குறை சொல்கிறாரே, எல்லாவற்றையும் ஒரே சுற்றில் மாற்றலாம். (இறக்கைகளுக்கு மட்டும் சேர்த்து ஒரே குறை, முதலில் இரண்டையும் ஒன்றாகவே நகர்த்த வேண்டும்.)

500இல் தொடங்க வேண்டியது. கூட்டச் சொன்னால் 750, பிறகு குறைக்கச் சொன்னால் 625. இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் ஐந்து சுற்றில் இடைவெளி சுமார் 31 ஆகிவிடும்.

நடுவில் டிரைவர் மௌனமானால் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் தப்பு. கார் அவருடைய திருப்தி எல்லைக்குள் வந்துவிட்டது, அவ்வளவே. எல்லையின் ஓரத்தில் நின்றாலும் அவர் பேசமாட்டார். மிச்சச் சுற்றுகளில் மேலேயும் கீழேயும் தள்ளி, குறை ஆரம்பிக்கும் இரண்டு எண்களையும் பிடித்து, நடுவில் வைப்பதுதான் லாபம்.

அடுத்தவர் கொடுத்த எக்ஸெல் ஷீட்டா? அது அவருடைய காருக்கும் அவருடைய டிரைவருக்கும் போட்ட கணக்கு. மழை வந்தால் அவருக்கே உதவாது :-)