பேசிய அன்றே வழக்கு: மல்லாங்கிணறு சுற்றுவட்டார மக்களின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், அனைத்துக் கட்சி, சாதிச் சங்கப் பொறுப்பாளர்கள் கவனத்துக்கு.

1957இல் நம் ஊர் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. முதுகுளத்தூர் இடைத்தேர்தலில் மூண்ட சாதிப் பகை அருப்புக்கோட்டை தாலுகா வரை பரவியது. செப்டம்பர் 10 அன்று ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்திலேயே வாக்குவாதம் முற்றியது. மறுநாள் இரவு பரமக்குடியில் தலித் தலைவர் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அந்தக் கொலை வழக்கிலிருந்து பார்வர்டு பிளாக் தலைவர் முத்துராமலிங்கத் தேவர் 1959இல் விடுவிக்கப்பட்டார், தீர்ப்பை மதிக்கிறோம். கொலையை விசாரிக்கக் கோர்ட்டு இருக்கிறது. கொலைக்கு முந்திய பேச்சை யார் விசாரிப்பது?

1997இல் தலித் சமூகத்தைச் சேர்ந்த வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்தபோது, அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஒரு தரப்பு கிளம்பியது. கலவரத்துக்குப் பின் அரசு மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டமானது அப்படித்தான். பாவம், காமராஜர் என்ன செய்தார்!

அரிவாள் எடுத்த பையன் ஜெயிலுக்குப் போகிறான். அவனை உசுப்பிவிட்டவர் அடுத்த ஊர் மேடையில் மாலை வாங்குகிறார்.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: வெறுப்புப் பேச்சுக்குப் புகார் வராவிட்டாலும் போலீசே வழக்குப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் 28 அன்று எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அது எங்கள் காவல் நிலையத்திலும் நடக்கட்டும். கூட்டத்துக்கு அனுமதி தரும்போதே பேச்சு முழுவதும் பதிவாகும் என்று எழுதி வாங்குங்கள். சமூகங்களுக்கிடையே பகை வளர்ப்பதைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவில் வழக்கை நடத்த அரசின் அனுமதி வேண்டும். அந்தக் கோப்பு தூங்காதபடி மூன்று மாதக் கெடு வையுங்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: அமைச்சரைத் திட்டுவதும் அரசைக் கேலி செய்வதும் குற்றமில்லை, ஒரு தெருவையே ஒழிப்போம் என்பதுதான் குற்றம். இந்தச் சட்டத்தை வைத்து எதிர்க்கட்சிக்காரரைப் பிடித்தால் அதையும் எதிர்ப்போம்.

ஒரு பிரிவினரை மிரட்டிப் பேசியவருக்கு எந்தக் கட்சியும் சீட் தரக்கூடாது, உள்ளாட்சித் தேர்தலிலும்கூட.

பள்ளிகளில் பையன்கள் கையில் சாதிக் கயிறு கட்டுவதற்குத் தடை வேண்டும் என்று அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அதைச் செயல்படுத்துங்கள். கயிறு வாங்கித் தரும் பெரியவர்களையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

பதற்றத்தில் பஸ் நின்றால் மில்லுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிறவர்களுக்கு அன்றைக்குக் கூலி கிடையாது. அந்த நட்டத்தைத் தூண்டிவிட்டவர்களிடம் வசூலித்துக் கொடுங்கள்.

செப்டம்பர் 11 இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 தேவர் ஜெயந்தி நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வழங்கும் முன்பே, ஆகஸ்டு மாதத்துக்குள், எழுத்துப்பூர்வமான பதில் எங்களுக்கு வேண்டும்.